உங்கள் கடைக்கு எந்த மெயில் சேர்வர்? அக்காவின் டிப்ஸ்



உப்புவெளியில் நாலு அறை வைத்து விடுதி நடத்துகிறவர்கள், உட்துறைமுக வீதியில் கப்பல் முகவர் கந்தோர் வைத்திருக்கிறவர்கள், கொட்பேயில் இறங்கும் மீனை வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்கள், நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்குப் படகு விடுகிற பிள்ளைகள் என்று திருமலையில் சிறு தொழில் செய்கிற பலர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். “அக்கா, எங்கட கடைப் பேரில மெயில் வேணும். எந்த சேர்வர் நல்லது? பிறகு கரைச்சல் தரக்கூடாது.”

என் பதிலைத் தீர்மானிப்பது அந்தக் கடைசி வசனம். பிறகு கரைச்சல் வரக்கூடாது என்றால் சேர்வரை நீங்கள் வைத்திருக்க வேண்டாம். டொமெய்ன் பெயரை உங்கள் பேரில் வாங்குங்கள். மெயில் பெட்டிகளை, அதையே தொழிலாகச் செய்கிற நிறுவனத்திடம் வாடகைக்கு எடுங்கள். வந்துபோகும் மெயில்களின் பிரதி ஒன்றை உங்கள் கையில் வைத்திருங்கள். பத்துப் பேருக்கு உட்பட்ட தொழிலுக்கு நான் வேறு வழி சொல்வதில்லை.

அரசாங்கத்துக்கே நடந்தது

காரணம் கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது 2023இல் நம் நாட்டில் நடந்ததை. அந்த வருஷம் ஓகஸ்ட் 26ஆம் திகதியளவில் அரசாங்கத்தின் முகில் சேவைக்குள் ரான்சம்வெயார் புகுந்தது. கோப்புகளைப் பூட்டிவிட்டுத் திறப்புக்குக் காசு கேட்கிற வகைத் தாக்குதல் அது. அமைச்சரவை அலுவலகம் உட்பட, கவ் டொட் எல்கே என்று முடியும் சுமார் 5,000 அரசாங்க மெயில் முகவரிகள் பாதிக்கப்பட்டன. முறைமையை 12 மணித்தியாலத்தில் திரும்ப ஓட வைத்துவிட்டார்கள். ஆனால் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரை வந்த மெயில்களுக்குப் பிரதி இருக்கவில்லை. மூன்று மாதத்துக்கு மேற்பட்ட கடிதப் போக்குவரத்து போனது போனதுதான்.

ஏன் நடந்தது என்பதையும் இக்டா என்று நாம் அழைக்கிற தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையமே சொன்னது. 2007இல் மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ்ச் என்கிற மெயில் சேர்வர் மென்பொருளின் 2003ஆம் ஆண்டுப் பதிப்போடு தொடங்கினார்கள். 2014இல் 2013ஆம் ஆண்டுப் பதிப்புக்கு மாறினார்கள். அடுத்த மாற்றத்தை 2021இலிருந்து திட்டமிட்டும், நிதிக் குறைவாலும் நிர்வாகத் தீர்மானங்களாலும் அது தள்ளிப்போனது. இதற்கிடையில் 2023 ஏப்ரல் 11ஆம் திகதியோடு அந்தப் பதிப்புக்கு மைக்ரோசொஃப்ட் பாதுகாப்புத் திருத்தம் கொடுப்பதை நிறுத்தியது. நாலு மாதம் கழித்துத் தாக்குதல் வந்தது. வலையமைப்போடு இணைந்திருந்த பிரதிகளும் சேர்ந்தே பூட்டப்பட்டன. யாரோ ஒரு ஊழியர் சந்தேகமான இணைப்பொன்றை அழுத்தியிருக்கலாம் என்றும் சொல்லப்பட்டது.

மென்பொருளைக் காலத்துக்குப் புதுப்பிக்கவில்லை. கழற்றி வைத்த புதிய பிரதி இல்லை. ஒரு கை தவறான இடத்தில் அழுத்தியிருக்கலாம். பொறியியலாளரும் தரவு நிலையமும் வைத்திருந்த இடத்திலேயே இந்த மூன்றும் ஒன்றாகக் கூடின. மேசைக்குக் கீழே பழைய கணினி ஒன்றை வைத்து அதில் மெயில் ஓட்டுகிற கடையில் இவற்றை யார் பார்ப்பார்கள்? அதனால் எந்த சேர்வர் என்று கேட்பதற்கு முன், அதை மாதாமாதம் யார் புதுப்பிப்பார், பாதி இரவில் நின்றுபோனால் யார் எழும்புவார் என்று கேளுங்கள். ஒரு ஆளின் பெயரைச் சொல்ல ஏலாவிட்டால் அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிடலாம். அஷ்ரப் இறங்குதுறைக்குக் கப்பல் வருவதற்குப் பகலும் இரவும் ஒன்றுதான். மாலுமிகளின் பட்டியலும் தண்ணீர், சாப்பாட்டுச் சாமான் கேட்கும் மெயிலும் அந்த நேரத்தில்தான் வரும்.

கந்தோரில் வைத்தால்

கரண்ட் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டினார்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறைத் துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டு நாடு முழுக்க இருண்டது. யூபிஎஸ் பெட்டி அரை மணி, ஒரு மணி தாங்கும். அதற்கு மேல் ஜெனரேட்டர் வேண்டும். இது போக நம் ஊரில் உப்புக் காற்று. துறைமுகக் கரையில் கதவு திறந்திருக்கிற கந்தோர்களில் கணினிக்குள் இருக்கிற சின்ன இணைப்புகள் பச்சை பிடித்துக் கெதியாகப் பழுதாகும்.

நியாயத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும். சேர்வர் சில மணித்தியாலம் நின்றால் உடனே மெயில் தொலைந்துவிடாது. அனுப்பிய பக்கம் அதை வரிசையில் வைத்து நாலைந்து நாள் வரைக்கும் திரும்பத் திரும்ப முயற்சி செய்யும். மெயில் என்கிற ஏற்பாட்டின் பெரிய நல்ல குணம் அது. ஆனால் அறை பதிவு செய்யக் கேட்ட ஜெர்மன்காரர் அத்தனை நாள் காத்திருக்க மாட்டார். பக்கத்து விடுதிக்கு எழுதிவிடுவார்.

கரண்டையும் காற்றையும் விடப் பெரிய தடை வேறொன்று. சேர்வர்கள் ஒன்றுக்கொன்று மெயில் கொடுப்பது 25ஆம் இலக்கப் போர்ட் வழியாக. வீட்டுக்கும் சிறு கடைக்கும் தருகிற இணைப்புகளில் வெளியே போகிற இந்தப் போர்ட்டை உலகத்தில் பல இணைய நிறுவனங்கள் மூடியே வைத்திருக்கின்றன, குப்பை மெயிலைத் தடுக்க. திறந்திருந்தாலும், நாளுக்கு நாள் மாறும் ஐபி முகவரிகளிலிருந்து வரும் மெயிலை ஜிமெயிலும் அவுட்லுக்கும் நம்பாது; ஸ்பாம்ஹவுஸ் போன்ற தடைப் பட்டியல்களில் அந்த முகவரிகள் மொத்தமாகவே ஏறியிருக்கும். நிலையான ஐபி வாங்கலாம். வாங்கினால் அந்த ஐபியைக் கேட்கிறவருக்கு உங்கள் சேர்வரின் பெயரைச் சொல்லும் பிடிஆர் பதிவை இணைய நிறுவனம்தான் போட்டுத்தர வேண்டும். அதற்கு அலைந்து முடிக்கிற நேரத்துக்கு வாடகைப் பெட்டியில் ஒரு வருஷம் நிம்மதியாக ஓடியிருக்கும்.

வெப்சைட்டோடு சேர்த்துத் தருகிற மெயில்

நம் பக்கத்துக் கடைகளில் பாதி இதில்தான் இருக்கின்றன. வெப்சைட் செய்துதந்த தம்பி ஹோஸ்டிங் வாங்கும்போது சீபேனல் என்ற பலகையில் பத்து மெயில் பெட்டியும் இலவசமாகத் திறந்து தந்திருப்பார். வருஷத்துக்கு ஒரு பில், வேலை முடிந்தது என்று தோன்றும். எனக்கு இது பிடிக்காது. ஒரே ஐபியில் நூற்றுக்கணக்கான கடைகள் இருக்கும். அதில் ஒன்று குப்பை மெயில் அனுப்பினால் உங்கள் இன்வொய்ஸும் வாங்குகிறவரின் ஸ்பாம் பெட்டிக்குப் போகும். வெப்சைட்டுக்குள் யாராவது புகுந்தால் மெயிலும் அதே வீட்டுக்குள்தான் இருக்கிறது. புகைப்படங்களால் டிஸ்க் நிறைந்தால் மெயில் உள்ளே வராது, அனுப்பியவருக்குத் திரும்பிப் போகும். வெப்சைட் அங்கேயே இருக்கட்டும். மெயிலை மட்டும் வெளியே எடுங்கள். இரண்டும் ஒரே டொமெய்ன் பெயரில் வெவ்வேறு இடத்தில் இருப்பதற்கு ஒரு தடையும் இல்லை. மெயில் எங்கே போக வேண்டும் என்று சொல்வது எம்எக்ஸ் என்கிற பதிவு. அதை மாற்றினால் போதும், வெப்சைட் அசையாது.

வாடகைக்கு எது?

கூகுள் வேர்க்ஸ்பேஸ், மைக்ரோசொஃப்ட் 365, ஸோஹோ மெயில். இந்த மூன்றுக்குள் முடித்துக்கொள்ளலாம்.

உங்கள் ஆக்கள் ஏற்கெனவே ஃபோனில் ஜிமெயில் பாவிக்கிறார்கள் என்றால் கூகுள். பழக்கத் தேவையில்லை; அந்த ஒரு காரணமே சிறிய இடத்தில் பெரிய காரணம். சரக்குப் பட்டியலும் கணக்கும் எக்செலில் ஓடுகிற கப்பல் முகவர், சுங்கத் தரகர் கந்தோர்களுக்கு மைக்ரோசொஃப்ட்; எக்செலும் வேர்டும் அதே கட்டணத்தில் சேர்ந்து வரும். செலவைக் குறைக்க வேண்டும், மெயில் மட்டும் போதும் என்றால் ஸோஹோ. 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய கம்பனி. தலைமையகம் சென்னையில், தென்காசிப் பக்கத்துக் கிராமத்திலும் அலுவலகம் வைத்து நடத்துகிறார்கள். இந்திய மத்திய அரசு தன் ஊழியர் சுமார் 12 இலட்சம் பேரின் மெயிலை அவர்களின் தளத்துக்கு மாற்றியது 2025இல் செய்தியானது. அவ்வளவு பெரிய அரசாங்கமே வாடகைக்கு எடுக்கும்போது ஆறு பேர் கந்தோர் வாடகைக்கு எடுப்பதில் குறைவு ஒன்றும் இல்லை.

இலவசத்தை நம்பித் தொழிலை வைக்காதீர்கள். ஸோஹோ ஐந்து பேர் வரைக்கும் இலவசத் திட்டம் வைத்திருக்கிறது. மெயிலை வேறு செயலிக்கு இறக்க உதவும் இமாப் வசதி அதில் கிடையாது, ஆகவே பிரதி எடுப்பது கஷ்டம். கூகுள் 2012இல் புதியவர்களுக்கு இலவசத்தை நிறுத்தியது. பிறகு 2022இல், பழைய இலவசத்தில் தொழில் நடத்தியவர்களையும் கட்டணத்துக்கு மாற்றியது. கட்டணம் கட்டுகிறவருக்குத்தான் உதவிக்கு ஆள் கிடைக்கும்.

கட்டணம் பற்றி ஒரு விஷயம். இவை ஆளுக்கு மாதத்துக்கு இவ்வளவு டொலர் என்று கணக்குப் போடுகின்றன. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவை ஒட்டி நின்ற டொலர் மே மாதத்தில் 360 ரூபாவுக்குப் போனதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அதனால் பெட்டிகளின் எண்ணிக்கையை இறுக்கமாக வையுங்கள். புக்கிங், இன்ஃபோ, எக்கவுண்ட்ஸ் என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பெட்டி வாங்கத் தேவையில்லை. அவற்றை மறுபெயராகவோ குழுவாகவோ வைத்து, இருக்கிற ஆக்களின் பெட்டிக்கு வரச் செய்யலாம். அதற்கு மேலதிகக் கட்டணம் இல்லை. ஆறு பேர் வேலை செய்கிற இடத்தில் மூன்று பெட்டி போதும் என்பதை நான் பல இடத்தில் பார்த்திருக்கிறேன். இயன்றால் வருஷக் கட்டணமாகக் கட்டுங்கள். மாதாமாதம் என்றால் கார்ட் காலாவதியாகிற திகதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். சீசன் நடுவில் பில் தவறிப் பெட்டி பூட்டப்படுவதற்கு அதுதான் பொதுவான காரணம்.

டொமெய்ன் யார் பேரில்?

இதில்தான் நான் கூடுதலாகப் பேசப்போகிறேன், ஏனென்றால் நம் ஆக்கள் இதில்தான் கவலையீனம். டொமெய்ன் உங்கள் காணி உறுதி; மெயில் சேவை வாடகை வீடு. உறுதி கையில் இருந்தால் வீட்டை எப்போதும் மாற்றலாம். இன்றைக்கு ஸோஹோ, நாளைக்குக் கூகுள். முகவரி மாறாது, வாடிக்கையாளருக்குத் தெரியக்கூட மாட்டாது. உறுதி இன்னொருவர் கையில் இருந்தால் நீங்கள் அவர் தயவில்தான். வெப்சைட் செய்தவர் தன் பேரில், தன் மெயில் முகவரியைக் கொடுத்து டொமெய்னைப் பதிந்துவிட்டு, பிறகு டோஹாவுக்கோ டுபாய்க்கோ வேலைக்குப் போய்விடுவார். கெட்ட எண்ணத்தில் செய்ததாக இருக்காது. அந்த நேரத்து அவசரம். ஆனால் புதுப்பிக்கச் சொல்லும் அறிவித்தல் அவர் கைவிட்ட பெட்டிக்குப் போகும். திகதி தாண்டினால் வெப்சைட்டும் மெயிலும் ஒன்றாக நிற்கும்.

எல்கே என்று முடியும் பெயர் என்றால் எல்கே டொமெய்ன் பதிவகத்தில் உங்கள் தொழிலின் பேரில், உங்கள் அடையாள விபரத்தோடு பதியுங்கள். தொடர்பு மெயிலாக அதே டொமெய்னின் முகவரியைக் கொடுக்காதீர்கள். டொமெய்ன் நின்றால் அந்த முகவரியும் நின்றுவிடும். உங்கள் சொந்த ஜிமெயிலைக் கொடுங்கள். பல வருஷத்துக்குச் சேர்த்துக் கட்ட முடிந்தால் கட்டுங்கள்.

டொட் இலங்கை என்று தமிழிலேயே முடியும் பெயருக்கு 2010இல் அங்கீகாரம் கிடைத்தது. தமிழில் ஒரு முகவரி வைத்திருக்க வேண்டும் என்பது என் ஆசையும்கூட; வெப்சைட்டுக்குத் தாராளமாக வாங்குங்கள். ஆனால் மெயில் முகவரியை இப்போதைக்கு ஆங்கில எழுத்திலேயே வையுங்கள். வெளிநாட்டு முன்பதிவுத் தளங்களும் வங்கிகளும் தமிழ் எழுத்து முகவரியைப் பல இடத்தில் ஏற்பதில்லை. அனுப்புநர் பெயரைத் தமிழில் போடலாம். அது எங்கும் ஒழுங்காகத் தெரியும்.

இன்னொன்று: தொழில் மெயிலை ஊழியரின் சொந்த ஜிமெயிலில் ஓடவிடாதீர்கள். கிளாக்கர் வேலையை விட்டுப் போகிற நாளில் ஏழு வருஷ வாடிக்கையாளர் பட்டியலும் அவரோடு போகும், அவர் விரும்பாவிட்டாலும். உங்கள் டொமெய்னில் பெட்டி இருந்தால் கடவுச்சொல்லை மாற்றி, வருகிற மெயிலை அடுத்தவருக்குத் திருப்பிவிடலாம்.

போட வேண்டிய மூன்று பதிவுகள்

டொமெய்ன் பலகையில் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்று மூன்று பதிவுகள். எங்கள் பேரில் மெயில் அனுப்ப எந்த சேர்வர்களுக்கு அனுமதி என்று சொல்வது எஸ்பிஎஃப். ஒவ்வொரு மெயிலிலும் கையொப்பம் வைப்பது டிகிம். இவை பொருந்தாத மெயிலை என்ன செய்வது என்று வாங்குகிற பக்கத்துக்குச் சொல்வது டிமார்க். 2024 பெப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் இதில் கண்டிப்பு: ஜிமெயிலுக்கு யார் அனுப்பினாலும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம் ஒன்றாவது இருக்க வேண்டும்; நாளைக்கு 5,000க்கு மேல் அனுப்புகிறவருக்கு மூன்றும் கட்டாயம். நீங்கள் நாளைக்கு ஐம்பது மெயில் அனுப்பினாலும் மூன்றையும் போடுங்கள். வாடகைச் சேவை எதுவானாலும் போட வேண்டிய வரிகளை அவர்களே தருவார்கள். பார்த்து ஒட்டினால் போதும், ஒரு பின்னேர வேலை. டிமார்க்கை முதலில் கண்காணிக்கும் நிலையில் விட்டு, சில கிழமை அறிக்கைகளைப் பார்த்துவிட்டு இறுக்குங்கள். எஸ்பிஎஃப் பதிவு ஒரு டொமெய்னுக்கு ஒன்றுதான் இருக்க வேண்டும். பழைய ஹோஸ்டிங்கின் வரியை எடுக்காமல் புதியதையும் சேர்த்தால் இரண்டுமே வேலை செய்யாது.

இன்வொய்ஸில் மாறும் வங்கி இலக்கம்

சேர்வர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கடவுச்சொல் போனால் எல்லாம் போச்சு. பெட்டிக்குள் புகுகிறவன் உடனே எதையும் செய்வதில்லை. வாசித்துக்கொண்டு இருப்பான். சூரை மீன் கொள்கலன் ஒன்றுக்கு வாங்குகிறவர் காசு கட்டப்போகிற கிழமையில், உங்கள் பெட்டியிலிருந்தே, அல்லது ஒரு எழுத்து மட்டும் மாறிய டொமெய்னிலிருந்து, “எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது” என்று எழுதுவான். மறுமொழி உங்கள் கண்ணில் படாமல் வேறு இடத்துக்குப் போக ஒரு திருப்பும் விதியையும் அமைத்து வைப்பான்.

இரண்டடுக்குச் சரிபார்ப்பை எல்லாப் பெட்டியிலும் கட்டாயமாக்குங்கள், முதலாளி பெட்டி உட்பட. எஸ்எம்எஸ்ஸை விடச் செயலி நல்லது. படகில் போகிற பிள்ளைகளின் ஃபோன் தண்ணீரில் விழும் என்பதால் மீட்புக் குறியீடுகளை அச்சிட்டு வீட்டு லொக்கரில் வையுங்கள். நிர்வாகிக் கணக்குகள் இரண்டு இருக்கட்டும், இரண்டு வேறு ஆக்களிடம். மாதம் ஒரு தரம் ஒவ்வொரு பெட்டியிலும் திருப்பும் விதிகளைத் திறந்து பாருங்கள். வாங்குகிறவர்களுக்கு இன்றைக்கே எழுதுங்கள்: எங்கள் வங்கி இலக்கம் மெயிலில் ஒருபோதும் மாறாது, மாறினால் ஃபோனில் கேளுங்கள் என்று.

விடுதிக்காரருக்கு ஒரு சொல். விருந்தினரின் பாஸ்போர்ட் பிரதிகளை மெயிலில் வாங்கி அப்படியே விட்டுவைக்கிறீர்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. தேவை முடிந்த பிரதிகளை அழியுங்கள்.

பிரதி

வாடகை வீட்டில் இருந்தாலும் உங்கள் மெயிலின் பிரதி உங்கள் பொறுப்பு. கூகுளோ மைக்ரோசொஃப்டோ தங்கள் டிஸ்க் பழுதானால் பார்த்துக்கொள்வார்கள். உங்கள் ஊழியர் கோபத்தில் அழித்துவிட்டுப் போனதை, குறித்த நாட்கள் கடந்த பிறகு, மீட்டுத்தர மாட்டார்கள். வழி எளிது: கந்தோர்க் கணினியில் தண்டர்பேர்ட் என்ற இலவசச் செயலியைப் போட்டு, இமாப் வழியாக எல்லாப் பெட்டியையும் இறக்குங்கள். அந்தக் கோப்புறையை மாதக் கடைசியில் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றுக்கு எடுத்துவிட்டுக் கழற்றி வையுங்கள். கழற்றி வைப்பதுதான் முக்கியம். அரசாங்க மெயிலில் இல்லாமல் போனது அதுதான். டிஸ்க் வேறு வீட்டில் இருக்கட்டும், கடலோரக் கந்தோரில் வேண்டாம். 2004 டிசம்பர் 26 சுனாமியைப் பார்த்த ஊர் இது. சில மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பிரதியிலிருந்து ஒரு பழைய மெயிலைத் திறந்து பாருங்கள், திறக்கிறதா என்று.

பழைய பிஓபி முறையில் மெயில் எடுக்கிற கணினி இருந்தால் உடனே மாற்றுங்கள். அது சேர்வரிலிருந்து இறக்கிவிட்டு அங்கே அழித்துவிடும்படி அமைக்கப்பட்டிருக்கும்; கணினி பழுதானால் மெயிலும் இல்லை. ஒப்பந்தம் பேசிய மெயில்களை 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டம் செல்லுபடியாக ஏற்கிறது. வழக்கென்று வந்தால் அவைதான் உங்கள் பத்திரம்.

இல்லை, நாங்களேதான் வைக்க வேண்டும்

சிலருக்கு உண்மையான காரணம் இருக்கும். ஐம்பது அறுபது பேர், ஆளுக்கு ஆள் டொலர் கட்ட முடியாது. அல்லது லினக்ஸ் தெரிந்த பிள்ளை ஒன்று கந்தோரிலேயே நிரந்தரமாக இருக்கிறது. அப்படியென்றால் எக்ஸ்சேஞ்ச் பக்கம் போகாதீர்கள். 2021 மார்ச்சில் உலகம் முழுக்கப் பல்லாயிரம் எக்ஸ்சேஞ்ச் சேர்வர்களுக்குள் ஒன்றோடொன்று சேர்ந்த நாலு ஓட்டைகள் வழியாகப் புகுந்தார்கள். 2016, 2019 பதிப்புகளுக்கு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு ஆதரவு முடிந்தது. போஸ்ட்ஃபிக்ஸ், டவ்கொட் என்கிற மெயில் மென்பொருள்களை ஒவ்வொன்றாகக் கையால் பூட்டத் தொடங்காமல், அவற்றை உள்ளே வைத்து ஆயத்தமாகக் கட்டித்தரும் தொகுப்பை எடுங்கள். ஒன்றும் மாற்றாமல் ஓடவிட விரும்புகிறவருக்கு மெயில் இன் எ பொக்ஸ். பெட்டிகளையும் வடிகட்டிகளையும் பலகையிலிருந்து நிர்வகிக்க விரும்புகிறவருக்கு மெயில்கவ். இரண்டில் பராமரிப்புக் குறைந்தது முதலாவது.

அதையும் கந்தோரில் வைக்க வேண்டாம். சிங்கப்பூரிலோ மும்பாயிலோ ஒரு வாடகைச் சேர்வரில் வையுங்கள். காசு கட்டுவதற்கு முன் 25ஆம் போர்ட்டைத் திறந்து தருவார்களா, பிடிஆர் பதிவு போட விடுவார்களா என்று எழுதிக் கேளுங்கள். பெரிய முகில் நிறுவனங்கள் பல அந்தப் போர்ட்டைத் தொடக்கத்தில் மூடியே வைத்திருக்கின்றன. தருகிற ஐபி தடைப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பிள்ளை லீவு எடுத்தால் பார்க்க இரண்டாவது ஆள் யார் என்றும் எழுதி வையுங்கள். இரண்டாவது ஆள் இல்லையென்றால் மேலே சொன்ன மூன்று நிறுவனங்களில் ஒன்றுக்குத் திரும்பி வாருங்கள்.

மாற்றுகிற நேரம்

திருமலையில் சுற்றுலாத் தொழிலுக்கு இதற்கு நல்ல காலம் நவம்பர் முதல் ஜனவரி வரை. வாடைக் காற்றில் கடல் கொந்தளிக்கும், புறாத்தீவுக்குப் படகு ஓடாது, விருந்தினரும் குறைவு. மாற்றத்துக்கு ஒரு நாள் முன்னதாக எம்எக்ஸ் பதிவின் டிடிஎல் என்கிற நேர அளவை ஐந்து நிமிடத்துக்குக் குறையுங்கள். புதிய இடத்தில் பெட்டிகளை எல்லாம் திறந்து, பழைய மெயில்களை இமாப் வழியாக ஏற்றிவிட்டுப் பிறகு எம்எக்ஸை மாற்றுங்கள். பழைய இடத்தை உடனே மூடாமல் இரண்டு கிழமை வைத்திருந்து, அங்கே ஏதாவது வந்து விழுகிறதா என்று பாருங்கள். மீன் ஏற்றுமதிக்காரரும் கப்பல் முகவரும் கொடுக்கல்வாங்கல் குறைந்த ஒரு போயா விடுமுறையைத் தேர்ந்தெடுக்கலாம். சோதிக்கும்போது பெரிய இணைப்பு ஒன்றையும் அனுப்பிப் பாருங்கள். ஜிமெயிலின் எல்லை 25 எம்பி. மெயிலில் ஏறும்போது கோப்பு மூன்றில் ஒரு பங்கு பெருக்கும் என்பதால் 18 எம்பிக்கு மேற்பட்ட கப்பல் ஆவணங்களை இணைப்பு முகவரியாக அனுப்பப் பழகுங்கள்.

இவ்வளவையும் ஒரு நாளில் செய்யச் சொல்லவில்லை. இந்தக் கிழமை ஒன்று மட்டும் செய்யுங்கள்: உங்கள் டொமெய்ன் யாருடைய பேரில், எந்த மெயில் முகவரிக்கு, எந்தத் திகதி வரை பதியப்பட்டிருக்கிறது என்று பார்த்து எழுதி வையுங்கள். உங்கள் பேரில் இல்லையென்றால், பதிந்தவர் இன்னும் ஊரில் இருக்கும்போதே போய் மாற்றி எடுங்கள்.